காலத்துக்கு விலை குறிக்கும் படிப்பு

சிங்கப்பூரில் வீடு விற்கும் முகவராகப் பதிவு பெறுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. பள்ளிக் கல்வியில் குறிப்பிட்ட தேர்ச்சியும், குறுகிய காலப் பயிற்சியும், அதன் முடிவில் ஒரு தகுதித் தேர்வும், சொத்து முகவைகள் மன்றத்தின் பதிவும் இருந்தால் ஒருவர் தொழிலில் இறங்கிவிடலாம். அவ்வாறு பதிவு பெற்றோர் அந்தச் சிறிய நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். அதே நகரில், ரியல் எஸ்டேட் கல்வியை ஒரு முழுப் பட்டப்படிப்பாகவே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திவருகிறது. குறுகிய பயிற்சியே வாசலைத் திறந்துவிடும் தொழிலுக்கு ஆண்டுக்கணக்கான படிப்பு எதற்கு என்ற கேள்வி மாணவருக்கும் பெற்றோருக்கும் எழுவது இயல்பே.

ஒரு வட்டாரத்தில் கடந்த மாதம் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்பதை அனுபவமுள்ள முகவர் எவரும் சொல்லிவிடுவார். அந்த விலை எந்தெந்தக் காரணங்கள் சேர்ந்து உருவானது, அவற்றுள் எவை நிலைத்து நிற்கும், எவை ஓர் அரசாணையாலோ வட்டி உயர்வாலோ கரைந்துபோகும் என்று பகுத்துச் சொல்வதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியே சொத்துப் பொருளியல். நிலச் சட்டம், நகரத் திட்டமிடல், கட்டுமானச் செலவு, வரி, நிதி எனப் பாடங்கள் பலவாக விரிந்தாலும், ஒரு சொத்திலிருந்து வருங்காலத்தில் கிடைக்கவிருக்கும் பயனை இன்றைய பணமாகக் கணித்துச் சொல்லும் முறையே அவை அனைத்தையும் இணைக்கும் இழையாகும். பெரும்பாலான நிலம் குறித்த ஆண்டுகளுக்கான குத்தகையாகவே விற்கப்படும் சிங்கப்பூரில் இந்த உண்மை வேறெங்கும் காணாத தெளிவோடு வெளிப்படுகிறது.

துறை உருவான வரலாறு

நில மதிப்பீடு ஒரு கல்வித் துறையாக வளர்ந்த இடம் பிரிட்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப் பாதைகள் பண்ணைகளையும் நகரங்களையும் ஊடறுத்துச் சென்றபோது, கையகப்படுத்தப்பட்ட நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு தருவது என்ற வழக்குகள் பெருகின. இரு தரப்பும் ஏற்கக்கூடிய மதிப்பைக் காரண காரியத்தோடு எடுத்துரைக்கும் வல்லுநர்களுக்குத் தேவை ஏற்பட்டது. அத்தகைய நில அளவையாளர்களும் மதிப்பீட்டாளர்களும் 1868-இல் லண்டனில் சங்கம் அமைத்து, 1881-இல் அரச சாசனம் பெற்றனர். 1919-இல் சொத்து மேலாண்மைக்கென்றே தனிக் கல்லூரி ஒன்றும் அங்கே தோன்றியது.

தொழில் இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, அதற்கான கோட்பாட்டைப் பொருளியலாளர்கள் முன்னரே வகுத்திருந்தனர். தானியம் விலை உயர்ந்திருப்பது நில வாரம் (நிலத்துக்கான வாடகை) உயர்ந்திருப்பதால் அன்று, தானியம் விலை உயர்ந்திருப்பதால்தான் நில வாரம் உயர்ந்திருக்கிறது என்று டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வாதிட்டார். விளைபொருளின் விலையிலிருந்து உழைப்புக்கும் முதலுக்கும் உரியது போக எஞ்சுவதே நிலத்துக்குரிய வாரம் என்பது இதன் உட்கிடை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் பண்ணை நடத்திய யோகான் ஹைன்ரிக் ஃபான் தூனன், சந்தைக்கும் வயலுக்கும் உள்ள தொலைவும் அதற்கான போக்குவரத்துச் செலவும் வாரத்தை நிர்ணயிப்பதைக் காட்டினார். வில்லியம் அலோன்சோ 1964-இல் வெளியிட்ட நூலில் அதே சிந்தனையை நகரத்துக்குப் பொருத்தி, நகர மையத்துக்கு அருகே நிலம் ஏன் விலை கூடியது, அங்கே ஏன் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன என்பதை விளக்கினார். மாணவர் முதலாண்டில் பயிலும் கோட்பாடுகள் பெரும்பாலும் இந்த வரிசையைச் சேர்ந்தவை.

சிங்கப்பூருக்கு ஏன் தேவைப்பட்டது

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் அமைக்கப்பட்டது. பொது நோக்கத்துக்காக நிலத்தைக் கட்டாயமாகப் பெறுவதற்கு அரசுக்குப் பரந்த அதிகாரம் அளித்த நிலக் கையகப்படுத்தல் சட்டம் 1966-இல் நிறைவேறியது. நீண்ட காலம் இழப்பீடு சந்தை விலைக்குக் கட்டுப்படாமல் சட்டம் வகுத்த வரம்பின்படியே தரப்பட்டது. 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே முழுச் சந்தை விலை இழப்பீட்டுக்கு அடிப்படையாயிற்று. 1960-இல் ஏறத்தாழ 44 விழுக்காடாக இருந்த அரசு நிலம் 1985-இல் 76 விழுக்காடாக உயர்ந்தது. குறைந்த விலையில் பெற்ற நிலத்தில் அரசு அடுக்குமாடிகளைக் கட்டியது. 1964-இல் அவற்றை மக்களுக்குச் சொந்தமாக விற்கும் திட்டத்தைத் தொடங்கி, 1968 முதல் மத்திய சேமநிதிச் சேமிப்பையும் அதற்குப் பயன்படுத்த அனுமதித்தது.

நிலம் பெறுதல், இழப்பீடு கணித்தல், குத்தகைக்கு விடுதல், சொத்து வரி விதித்தல் என ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டாளர்கள் தேவைப்பட்ட அக்காலத்தில், 1969-இல், அன்றைய சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் கட்டட, சொத்து மேலாண்மைக் கல்வி தொடங்கியது. கட்டடக் கலையின் நிழலில் பிறந்த அந்தத் துறை இன்று வணிகவியல் பள்ளியின் பகுதியாக இருக்கிறது. கட்டடத்தைப் பராமரிக்கும் கலையாகக் கருதப்பட்ட படிப்பு, முதலீட்டைப் பகுத்தாயும் இயலாக மாறிய கதையை இந்த இடமாற்றமே உணர்த்திவிடும்.

மூன்று கணக்குகள்

மதிப்பீட்டுப் பாடத்தின் அடித்தளம் மூன்று முறைகளாலானது. அண்மையில் விற்ற ஒத்த சொத்துகளின் விலையை எடுத்துக்கொண்டு, மாடி உயரம், பரப்பளவு, ரயில் நிலையத்துக்கான தொலைவு, மிஞ்சியுள்ள குத்தகைக் காலம் போன்ற வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் மதிப்பிடுவது ஒப்பீட்டு முறை. முகவர்கள் அனுபவத்தால் செய்யும் இதே வேலையை, பல்லாயிரம் விற்பனைப் பதிவுகளைக் கொண்டு ஒவ்வொரு தன்மைக்கும் சந்தை எவ்வளவு விலை தருகிறது என்று தனித்தனியே பிரித்தறியும் புள்ளியியல் வழியில் செய்யப் பல்கலைக்கழகம் கற்பிக்கிறது.

இரண்டாவதான வருவாய் முறையில், சொத்து தரும் நிகர ஆண்டு வாடகை, முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் வீதத்தால் வகுக்கப்படுகிறது. ஒரு கடைவீடு செலவு போக ஆண்டுக்கு 1,20,000 வெள்ளி ஈட்டுவதாகவும், அத்தகைய சொத்தில் முதலீட்டாளர்கள் 4 விழுக்காடு வருவாயை எதிர்பார்ப்பதாகவும் கொண்டால் அதன் மதிப்பு 30 லட்சம் வெள்ளி. எதிர்பார்ப்பு 5 விழுக்காடாக உயர்ந்தால் மதிப்பு 24 லட்சமாகிவிடும். வாடகையில் ஒரு வெள்ளிகூடக் குறையாத நிலையிலும், குடியிருப்பவர் எவரும் வெளியேறாத நிலையிலும், மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துபோகிறது. வட்டி உயரும்போது சொத்துச் சந்தை ஏன் அஞ்சுகிறது என்பதை மாணவர் இந்த ஒரே வகுத்தலில் கண்டுகொள்கிறார்.

மூன்றாவது முறை காலி நிலத்துக்கானது. கட்டி முடித்தால் கிடைக்கக்கூடிய விற்பனைத் தொகையிலிருந்து கட்டுமானச் செலவு, கட்டணங்கள், வட்டி, வரி, நியாயமான இலாபம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சும் தொகையே நிலத்துக்குக் கொடுக்கத்தக்க உச்ச விலை. ரிக்கார்டோவின் கருத்து இங்கே கணக்கேடாக உருமாறி நிற்கிறது. ஒரு திட்டத்தின் விற்பனைத் தொகை 500 மில்லியன் வெள்ளி, செலவுகளும் இலாபமுமாக 300 மில்லியன் என்றால் நிலத்துக்கு எஞ்சுவது 200 மில்லியன். வீட்டு விலை பத்து விழுக்காடு சரிந்து விற்பனைத் தொகை 450 மில்லியனாகும்போது, கட்டுமானச் செலவும் எதிர்பார்க்கும் இலாபமும் குறையாவிட்டால், நிலத்துக்கு எஞ்சுவது 150 மில்லியன் மட்டுமே. வீட்டு விலையில் பத்து விழுக்காட்டுச் சரிவு நில விலையில் இருபத்தைந்து விழுக்காட்டுச் சரிவாகப் பெருகுகிறது. அரசு நிலம் ஏலத்துக்கு வரும்போதெல்லாம் கட்டுமான நிறுவனங்களின் நிலக் கொள்முதல் பிரிவுகள் இந்தக் கணக்கையே பலவாறு மாற்றிப் போட்டுப் பார்க்கின்றன. இலாபமும் நட்டமும் பெரும்பாலும் அடித்தளம் தோண்டுவதற்கு முன்னரே இந்தத் தாளில் தீர்மானமாகிவிடுகின்றன.

தேயும் குத்தகை

வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதற்கான விதி எளிது. ஆண்டுக்கு 4 விழுக்காடு ஈட்ட முடிகிற உலகில், 30 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவிருக்கும் ஒரு லட்சம் வெள்ளியின் இன்றைய மதிப்பு சுமார் 30,800 வெள்ளி. 99 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவிருப்பதாயின் அது ஏறத்தாழ 2,060 வெள்ளிதான். தொலைவிலுள்ள காலத்துக்கு இன்று மதிப்பு மிகக் குறைவு என்பதால், புதிதாக வாங்கும் ஒருவருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கும் நிரந்தர உரிமைக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

சிங்கப்பூர் நில ஆணையம் குத்தகை நிலத்தின் மதிப்பைக் கணிப்பதற்கு ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறது. நில அலுவலகத்தில் முற்காலத்தில் பணியாற்றிய ஒருவரின் பெயரால் வந்ததாகச் சொல்லப்படும் அதனைத் தொழில் வட்டாரத்தார் ‘பாலா அட்டவணை’ என்றே குறிப்பிடுகின்றனர். நிரந்தர உரிமையின் மதிப்பை நூறாகக் கொண்டால், 99 ஆண்டுக் குத்தகை 96 என்றும், 60 ஆண்டு மிஞ்சிய குத்தகை 80 என்றும், 30 ஆண்டு மிஞ்சியது 60 என்றும் அந்த அட்டவணை காட்டுகிறது. முதல் 39 ஆண்டுகளில் 16 புள்ளிகளே குறையும் மதிப்பு, அடுத்த 30 ஆண்டுகளில் 20 புள்ளிகளும், இறுதி 30 ஆண்டுகளில் எஞ்சிய 60 புள்ளிகள் முழுவதும் குறைந்து ஒன்றுமில்லாமற் போகிறது. தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாமலும் பின்னர் விரைந்தும் நிகழும் இந்தத் தேய்வை உணராதவர், பழைய வீட்டின் மலிவான விலையை இலாபமாக எண்ணி வாங்கிவிடக்கூடும்.

அட்டவணையின் கடைசி வரி நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதைக் கேலாங் லோரோங் 3 வட்டாரம் காட்டியது. அங்கிருந்த 191 தனியார் தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிவடைந்தது. வீடுகளும் நிலமும் இழப்பீடு ஏதுமின்றி அரசிடம் திரும்பின. இந்த முடிவு குறித்த அறிவிப்பு 2017-இல் வெளியானபோது, அதே ஆண்டில் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங், பழைய கழக வீடுகள் யாவும் அரசின் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குத் தெரிவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாமென எச்சரித்ததும் சேர்ந்துகொள்ள, குத்தகைத் தேய்வு வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருளாயிற்று. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. குத்தகை முடிவதற்குள் அரசு எப்படியும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே மாறியது. எதிர்பார்ப்புக்கும் விலை உண்டு என்பதற்கு வகுப்பறையில் இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

குத்தகைக் காலம் கடன், சேமிப்பு விதிகள் வழியாகவும் விலையைத் தொடுகிறது. வாங்குபவர்களுள் இளையவருக்கு 95 வயதாகும் வரையில் குத்தகை நீடிக்காவிட்டால், மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுக்கக்கூடிய தொகை குறைக்கப்படும் என்ற விதி 2019-இல் நடைமுறைக்கு வந்தது. 55 ஆண்டு மிஞ்சிய ஒரு வீட்டை 40 வயதானவர் முழுச் சலுகையோடு வாங்கலாம். 30 வயதானவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அந்த வீட்டுக்குப் போட்டியிடக்கூடிய இளம் குடும்பங்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. சட்ட நூலில் ஒரு வரியாக இருப்பதை, வாங்குவோர் கூட்டத்தின் அளவாகவும் அதன் வழியே விலையாகவும் படிக்கத் தெரிவதே இக்கல்வியின் பயன்.

அரசாணையும் சந்தையும்

சொத்துச் சந்தையை விளக்குவதற்கு டெனிஸ் டிபாஸ்குவாலேயும் வில்லியம் வீட்டனும் 1990-களில் அளித்த நான்கு கட்ட மாதிரி உலகெங்கும் பாடமாக உள்ளது. இடத்தைப் பயன்படுத்துவோரின் தேவை வாடகையை நிர்ணயிக்கிறது. முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் வீதம் அந்த வாடகையை விலையாக மாற்றுகிறது. விலை கட்டுமானச் செலவை விஞ்சினால் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவை இருப்பில் சேர்ந்து வாடகையை மறுபடி இறக்குகின்றன. காகிதத்தில் இச்சுழற்சி ஒரு நொடியில் நிறைவுறும். நகரத்திலோ நிலம் விற்பனைக்கு வருவதிலிருந்து வீட்டுச் சாவி கைக்கு வருவது வரை ஆண்டுகள் பல கழிகின்றன. இன்றைய தட்டுப்பாட்டுக்காகத் தொடங்கிய கட்டடங்கள் நாளைய மந்தத்தில் வந்து முடிவது இந்தத் தாமதத்தின் விளைவு.

சிங்கப்பூர் அரசு இச்சுழற்சியின் இரு முனைகளையும் கையில் வைத்திருக்கிறது. நிலத்தை எப்போது, எவ்வளவு விற்பது என்பதன் மூலம் அளிப்பையும், வரி, கடன் விதிகள் மூலம் தேவையையும் அது கட்டுப்படுத்துகிறது. வாங்குவோருக்கான கூடுதல் முத்திரை வரி 2011 டிசம்பரில் அறிமுகமானபோது வெளிநாட்டவருக்கு 10 விழுக்காடாக இருந்தது. 2023 ஏப்ரலில் அது 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒருவரின் மாதக் கடன் தவணைகள் யாவும் சேர்ந்து அவர் வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் 2021 டிசம்பரிலிருந்து உள்ளது. நிலத்தின் பயன்பாட்டை உயர்த்த அனுமதி பெறும் உரிமையாளர், அதனால் விளையும் மதிப்பு உயர்வில் ஒரு பங்கை 2022 ஆகஸ்ட் முதல் நில மேம்பாட்டுக் கட்டணமாகச் செலுத்துகிறார். சமூகத்தின் வளர்ச்சியால் உயரும் நில மதிப்பு சமூகத்துக்கே உரியது என 1879-இல் ஹென்றி ஜார்ஜ் எழுதிய வாதத்தின் ஒரு கூறு இங்கே நிர்வாக நடைமுறையாகியிருக்கிறது. இத்தகைய நாட்டில் விலையை முன்கணிக்க முயல்பவர் மக்கள்தொகையையும் வருமானத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. விலை ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் அரசு என்ன செய்யும் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பட்டத்துக்குப் பின்

முகவர் தொழிலுக்குச் செல்லும் பட்டதாரிகளும் உண்டு. ஆயினும் படிப்பின் கணக்குகள் அன்றாடம் பயன்படும் இடங்கள் வேறு. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்கள் வங்கிக் கடனுக்கும், நீதிமன்ற வழக்குக்கும், நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கும் மதிப்பு வரைந்து தருகின்றனர். நகர மறுசீரமைப்பு ஆணையம், நில ஆணையம், வரி ஆணையம் போன்ற அரசு அமைப்புகள் நில விற்பனையையும் சொத்து வரியையும் திட்டமிட இத்துறையினரை நாடுகின்றன. கட்டுமான நிறுவனங்களில் நிலக் கொள்முதலும், வங்கிகளில் கடன் ஆய்வும், ஆலோசனை நிறுவனங்களில் சந்தை ஆய்வும் அவர்களுக்குரிய பணிகளாகின்றன.

இவற்றோடு ‘ரீட்’ என்ற பெரும் களமும் சேர்ந்திருக்கிறது. பேரங்காடி, அலுவலகம், கிடங்கு போன்ற சொத்துகளை வாங்கி வைத்து, அவற்றின் வாடகையை முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முதலீட்டு நிதி வடிவம் அது. வரிச் சலுகை பெறுவதற்கு அது தன் வரிக்குரிய வருவாயில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பகிர்ந்தாக வேண்டும். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் முதல் ரீட் 2002 ஜூலையில் பட்டியலிடப்பட்டது. வருவாயின் பெரும்பகுதியைச் சேர்த்து வைக்க முடியாத அமைப்பு என்பதால், புதிய சொத்து வாங்கும்போது பெரும்பாலும் அது கடனையோ புதிய பங்குகளையோ நாட வேண்டியிருக்கிறது. எந்தக் கடையின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்தக் கட்டடத்தைப் புதுப்பிப்பதைவிட விற்பது நன்று என்பதுபோன்ற முடிவுகளை எடுக்கும் சொத்து மேலாளர்களுக்கு நிதியறிவும் கட்டட அறிவும் ஒருங்கே வேண்டும். ரியல் எஸ்டேட் பட்டம் இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் தருவதால் அதற்கு மதிப்பு ஏற்படுகிறது.

எல்லைகளும் தகுதியும்

இப்படிப்பு விலையை முன்னறிவிக்கும் வரத்தைத் தந்துவிடுவதில்லை. வருவாய் வீதத்தில் ஒரு புள்ளி மாறினால் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மாறும் என்பதை மேலே கண்டோம். அந்த வீதத்தைத் தெரிவு செய்வதோ மதிப்பீட்டாளரின் தீர்ப்பைப் பொறுத்தது. கடன் கிடைக்க வேண்டும் என்று விரும்பும் வாடிக்கையாளரும், சொத்தைக் கூடுதல் மதிப்பில் காட்ட விரும்பும் நிறுவனமும் அந்தத் தீர்ப்பின் மீது நெருக்குதல் தரக்கூடும். வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவருக்கும் ஒரே முகவர் செயற்படுவதைச் சிங்கப்பூர் 2010-இல் கொணர்ந்த சட்ட ஏற்பாடுகளின்கீழ்த் தடைசெய்திருப்பது, நலன் முரண்பாடு இத்தொழிலில் எவ்வளவு இயல்பாக நுழையும் என்பதைக் காட்டும். ஆகவே தொழிலறமும் இங்கே ஒரு பாடமாகிறது. ஒத்த வீடுகளைக் கணினியே நொடியில் ஒப்பிட்டு மதிப்புச் சொல்லும் காலம் வந்துவிட்டதால், ஒப்பீட்டை மட்டும் நம்பியிருக்கும் வேலைகள் சுருங்கக்கூடும் என்பதும் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

வீடு காட்டுவதிலும் பேரம் முடிப்பதிலும் நாட்டமுள்ளவருக்குக் குறுகிய பயிற்சியே போதுமானது. அவர் ஆண்டுகளையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம். கணக்கில் அச்சமின்மை, சட்ட வாசகத்தைப் பொறுமையோடு படிக்கும் பழக்கம், ஒரு தெருவின் நடமாட்டத்தை நேரில் சென்று கவனிக்கும் ஆர்வம் ஆகிய மூன்றும் உள்ளவருக்கே பல்கலைக்கழகப் படிப்பு பொருந்தும். சேருமுன் பாடத்திட்டத்தில் மதிப்பீடு, நிதி, நிலச் சட்டம், நகரப் பொருளியல் ஆகிய நான்கும் உள்ளனவா என்றும், நிறுவனப் பயிற்சிக்கு இடமுண்டா என்றும், தொழில்முறை அமைப்புகளின் ஏற்பு அந்தப் பட்டத்துக்கு உண்டா என்றும் விசாரிப்பது நல்லது. அவ்வாறு கற்றுத் தேறிய ஒருவர் தம் மதிப்பீட்டு அறிக்கையின் கீழே கையொப்பமிடும்போது, அந்தத் தொகைக்கு வந்துசேர்ந்த ஒவ்வொரு படியையும் கடன் தரும் வங்கியின் முன்னும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் முன்னும் விளக்கும் பொறுப்பை ஏற்கிறார். அந்தப் பொறுப்பைத் தாங்கும் ஆற்றலைத் தருவதாலேயே இக்கல்விக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்படுகின்றன.